லிங்கை அப்படியே அனுப்புவதா, வாலை வெட்டி அனுப்புவதா?

வன்னியில் ஒரு கிராமத்து வட்ஸ்அப் குரூப்பில் ஒரே நாளில் எத்தனை விதமான லிங்குகள் வந்து விழுகின்றன என்று பாருங்கள். கமக்கார அமைப்பின் செயலாளர் மழை நிலவரம் சொல்லும் யூடியூப் வீடியோ ஒன்றைப் போடுவார். ரியூசன் வாத்தியார் சூம் வகுப்பின் லிங்கைப் போடுவார். வற்றாப்பளைப் பொங்கல் நேரடி ஒளிபரப்பு என்று ஒருவர், கட்டாருக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இன்னொருவர், கனடாவில் இருக்கும் பெறாமகள் ஆடிய டிக்டொக் என்று ஒரு மாமி. எல்லாமே நீல எழுத்தில், பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது ஒரே மாதிரி இல்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வால் உண்டு. முகவரி முடிந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் எழுத்தும் இலக்கமுமாக ஒரு சரம். வீடியோவைத் திறக்க அந்தச் சரம் தேவையில்லை. யார் கையிலிருந்து கிளம்பிய லிங்க் என்று கம்பனி பிரித்தறியத்தான் அது ஒட்டப்படுகிறது. ஆகவே ஒரு லிங்கைக் குரூப்பில் போடும்போது நம் முன்னால் சில வழிகள் இருக்கின்றன. வந்தபடியே அனுப்பலாம். வாலைக் கையால் வெட்டலாம். வெட்டுவதற்கென்றே இருக்கும் செயலியிடம் கொடுக்கலாம். வீடியோவையே இறக்கி அனுப்பலாம். ஸ்கிரீன்ஷொட் எடுக்கலாம். அல்லது பெயரை மட்டும் சொல்லித் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூடியூப், இன்ஸ்டகிராம், செய்தித்தளம் என்றால் கையால் வெட்டுவது போதும். பழகிவிட்டால் சில வினாடி வேலை. டிக்டொக்கும் பேஸ்புக்கின் புதிய பகிர்வு லிங்கும் வேறு ரகம். அவற்றைச் சுற்றுவழியில் கொண்டுபோய்த்தான் வெட்ட முடியும், அந்தச் சிரமத்தைக் கட்டாயம் எடுக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. காரணம் கீழே வருகிறது. அதற்கு முன் வால் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

யூடியூப்பில் பகிர்வை அழுத்தி லிங்கைக் கொப்பி பண்ணினால் கேள்விக்குறிக்குப் பிறகு எஸ்.ஐ. என்று இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு சமன் குறி, பிறகு ஒரு சரம் வரும். நீங்களும் உங்கள் தம்பியும் ஒரே வீடியோவைத் தனித்தனியே பகிர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீடியோவின் அடையாளம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும், எஸ்.ஐ. சரம் மட்டும் வேறாக இருக்கும். இன்ஸ்டகிராமில் அந்த இடத்தில் ஐ.ஜி.எஸ்.எச். நிற்கிறது. பேஸ்புக்கிலிருந்து வெளியே ஒரு செய்தித்தளத்துக்குப் போனால் எப்.பி.சி.எல்.ஐ.டி. என்ற நீளமான குறி தானாக ஒட்டிக்கொள்ளும். 2018 முதல் இது நடக்கிறது. அந்தத் தளத்தில் மெட்டா கம்பனியின் 'பிக்சல்' என்ற சிறு நிரல் இருந்தால், பேஸ்புக்கில் அழுத்தியவரும் செய்தித்தளத்தில் படித்தவரும் ஒருவரே என்று அந்தக் குறியை வைத்துப் பொருத்திவிடலாம். அந்த லிங்கை அப்படியே நீங்கள் குரூப்பில் போட்டால், அங்கிருந்து போகிறவர்களும் உங்கள் அழுத்தலின் குறியைச் சுமந்துகொண்டே போகிறார்கள்.

"வட்ஸ்அப்பில் அனுப்புவது பூட்டித்தானே போகுது, கம்பனிக்கும் தெரியாதாமே" என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். 2016 ஏப்ரல் முதல் வட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கத்தில் போகின்றன. நடுவில் யாரும் வாசிக்க முடியாது. ஆனால் மறையாக்கம் காப்பது செய்தியை, செய்தி பயணிக்கும் வழியில். பெற்றவர் லிங்கை அழுத்திய பிறகு அவருடைய போன் நேராக யூடியூப்பிடமோ டிக்டொக்கிடமோ போய், இந்தக் குறியோடு வந்திருக்கிறேன் என்று நிற்கிறது. குறி அனுப்பியவருக்கு உரியது. திறந்தவர் தன் கணக்கில் நுழைந்தபடி இருந்தால் அவரும் யார் என்று தெரியும். இவருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்ற தகவல், ஒரு செய்தியைக்கூட வாசிக்காமலே பதிவாகக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது. குரூப்பில் எண்பது பேர் இருந்தால் எண்பது பேர்வரை அந்த ஒரு குறியைச் சுற்றி நிற்கலாம்.

யு.ரி.எம். என்று தொடங்கும் வால்களும் உண்டு. கூகுள் 2005இல் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்திலிருந்து வந்த பழக்கம் அது. இந்த விளம்பரத்தால் வந்தார்களா, மின்னஞ்சலால் வந்தார்களா என்று கடைக்காரர் எண்ணிப் பார்க்க வைப்பது. பொதுவாக எல்லோருக்கும் ஒரே சொல்தான் இருக்கும். ஆளைச் சுட்டுவது அரிது. வெட்டினால் நல்லது, வெட்டாவிட்டாலும் பெரிய கேடு இல்லை.

டிக்டொக் விடயத்தில் நிலைமை மாறுகிறது. மற்றத் தளங்களின் குறி பெரும்பாலும் கம்பனிக்குள்ளேயே தங்கும். டிக்டொக்கின் குறியோ திறப்பவரின் திரைக்கே வந்துவிடும். யார் பகிர்ந்தது என்று கணக்கின் பெயரையும் படத்தையும் காட்டும், பின்தொடரச் சொல்லும். டிக்டொக்கின் அமைப்புகளில், உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பது என்ற பகுதியில், 'உங்களுக்கு லிங்க் அனுப்புகிறவர்கள், நீங்கள் அனுப்பும் லிங்கைத் திறக்கிறவர்கள்' என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. மறைமுகமாக நடப்பது என்று இதைச் சொல்ல முடியாது, கம்பனியே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரியைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் ஊர்களில் மிகக் குறைவு.

இது வன்னி வீடுகளில் எப்படி வந்து முடியும் என்று யோசியுங்கள். பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். பகலில் அம்மாவின் கையில், பின்னேரம் பாடசாலை விட்டு வரும் மகளின் கையில், இரவில் தம்பியின் கையில். டிக்டொக் கணக்கு மகளுடையது. தன் சொந்தப் பெயரில்லாமல், முகம் காட்டாமல், ஏதோ ஒரு பூப்படத்தோடு வைத்திருப்பாள். தோழிகள் நாலு பேருக்கு மட்டும் தெரியும். அம்மா நல்ல மனத்தோடு ஒரு சமையல் வீடியோவை மாதர் சங்கக் குரூப்பில் போடுகிறார். அதைத் திறக்கிறவர்களின் திரையில் அந்தப் பூப்படக் கணக்கு வந்து நிற்கிறது. அடுத்த நாள் "உங்கட பிள்ளை டிக்டொக் செய்யிறாளாமே" என்று ஒரு கேள்வி வரும். அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. அம்மாவும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இனி அவளுடையதாக இராது. அதைத் தேடிப்போய் அவளுக்குச் செய்தி அனுப்புகிறவர்களும் அந்த எண்பது பேருக்குள் இருக்கலாம்.

கணக்கைத் திறந்தது வீட்டுக்காரராகவே இல்லாத சந்தர்ப்பமும் எங்களிடம் சாதாரணம். போன் வாங்கிய கடையில் இருக்கும் தம்பியே மின்னஞ்சல், பேஸ்புக், டிக்டொக் எல்லாம் திறந்து கொடுத்துவிடுவார். வயதானவர்களுக்குத் தங்கள் கணக்கில் என்ன பெயர் இருக்கிறது என்பதே தெரியாது. அவர்கள் அனுப்பும் லிங்க் அந்தத் தெரியாத பெயரைச் சுமந்துகொண்டு போகிறது.

இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2009இல் போர் முடிந்த காலத்தில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, பிறகு மீளக்குடியேறிய சனம் இது. அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்தக் காலம் முழுக்கப் பதிவு, பதிவு, பதிவு. குடும்பத்தில் எத்தனை பேர், யார் எங்கே, வெளிநாட்டில் யார் என்று எத்தனை படிவம் நிரப்பினோம். யாருக்கு யார் உறவு என்ற பட்டியல் ஒருவரின் வாழ்க்கையை எப்படித் திருப்பும் என்பதை எங்கள் பெற்றோருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இன்றைக்கு அதே உறவுப் பட்டியலை, சுவிஸில் இருக்கும் சித்தப்பா, நோர்வேயில் இருக்கும் மச்சான், தர்மபுரத்தில் இருக்கும் அக்கா என்று, நாங்களே லிங்க் லிங்காக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே அளவோடு பேசவேண்டும். இந்தக் குறிகள் பொலிஸுக்குப் போகின்றன என்று நான் சொல்லவில்லை. நினைவேந்தல் படங்களைப் பேஸ்புக்கில் போட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள், ஆனால் அங்கே பிடிபட்டது பதிவுதான், லிங்கின் வால் இல்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் எழுதியதையும் பகிர்ந்ததையும்தான் பார்க்கிறது. வாலை வெட்டினால் அந்த ஆபத்து நீங்கிவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. மறுபக்கம், கம்பனியிடம் சேர்ந்த தகவல் என்றென்றும் கம்பனிக்குள்ளேயே இருக்கும் என்றும் இல்லை. அரசாங்கங்கள் கேட்டதற்குக் கொடுத்ததைப் பற்றி மெட்டா போன்ற கம்பனிகளே கணக்கு வெளியிடுகின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இல் வந்துவிட்டது, அதுவும் 9ஆம் இலக்கம்தான். ஆனாலும் சட்டத்தை நம்பிக் கையை விட்டுவிடுவதைவிட, சேராமல் பார்த்துக்கொள்வதே எங்கள் கையில் இருக்கும் காரியம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அப்படியே அனுப்புவதில் ஒரே ஒரு நன்மைதான், சிரமமில்லை. கடை வைத்திருப்பவர், பாட்டுக்குழு, விளையாட்டுக் கழகம் என்று பொதுவில் நிற்கும் கணக்கிலிருந்து பகிர்வதென்றால் மறைக்க ஒன்றுமில்லை, தாராளமாக அனுப்பலாம். கழகத்தின் டிக்டொக் கணக்கு திறப்பவரின் திரையில் வந்தால் அது விளம்பரமே. தனியாளுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கையால் வெட்டுவதற்குச் செலவு இல்லை, எந்தச் செயலியும் வேண்டாம், பழைய போனிலும் நடக்கும். லிங்கைச் செய்திப் பெட்டியில் ஒட்டியதும், அனுப்ப முன், விரலைக் கடைசியில் வைத்து கேள்விக்குறிவரை அழித்துவிடுங்கள். கேள்விக்குறியையும் சேர்த்துத்தான். பிறகு அனுப்புங்கள். இன்ஸ்டகிராம் ரீல், எக்ஸ் பதிவு, பேஸ்புக்கிலிருந்து எடுத்த செய்தித்தள லிங்க், யூடியூப்பின் குறுகிய லிங்க் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும், அம்மம்மாவுக்கும் அந்தப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாத இடங்கள் உண்டு, இதைக் கவனமாக வாசியுங்கள். சூம் லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் பி.டபிள்யூ.டி. என்று வருவது வகுப்பின் கடவுச்சொல். அதை வெட்டினால் பிள்ளைகள் வாசலிலேயே நிற்பார்கள், வாத்தியாருக்கு அழைப்பு மேல் அழைப்பு போகும். யூடியூப்பைக் கணினியில் திறந்து முகவரிப் பட்டையிலிருந்து எடுத்த நீண்ட லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் வி என்று தொடங்குவதே வீடியோவின் அடையாளம். அதை விட்டு, அதற்கு அடுத்து வரும் 'அன்ட்' (&) குறியிலிருந்து வெட்டவேண்டும். ரி என்ற எழுத்தோடு ஒரு எண் இருந்தால் அது வீடியோ எந்த நிமிடத்தில் தொடங்கவேண்டும் என்பது. நீண்ட கூட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்ட நினைத்தால் அதை வைத்திருங்கள். பேஸ்புக்கின் சில பழைய லிங்குகளிலும் பதிவின் எண் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும். ஆகவே வெட்டிய பிறகு ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்புவது நல்ல பழக்கம். திறந்தால் அனுப்பலாம், திறக்காவிட்டால் தேவையான ஏதோ போய்விட்டது.

டிக்டொக்கின் குறுகிய லிங்கில் வெட்ட வாலே இல்லை. வி.எம். அல்லது வி.ரி. என்று தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின்னால் சில எழுத்துகள் மட்டும். அந்தச் சில எழுத்துகளுக்குள்ளேயே வீடியோவும் அனுப்பியவரும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறார்கள். இதற்குச் சுற்றுவழி இதுதான்: லிங்கைக் கொப்பி பண்ணி, டிக்டொக் செயலியில் திறக்காமல், பிரவுசரின் இன்கொக்னிட்டோ பக்கத்தில் (உங்கள் கணக்குகளில் நுழையாமல் திறக்கும் தனிப் பக்கம்) முகவரிப் பட்டையில் ஒட்டித் திறவுங்கள். அது நீண்ட முகவரியாக விரியும். வீடியோ போட்டவரின் பெயர், வீடியோவின் எண், பிறகு கேள்விக்குறி. இப்போது கேள்விக்குறியிலிருந்து வெட்டி, மிச்சத்தைக் கொப்பி பண்ணிக் குரூப்பில் போடலாம். பேஸ்புக்கில் 'ஷேர்' என்ற சொல் முகவரிக்குள் வரும் புதிய லிங்குக்கும் அதே வைத்தியம். பிரவுசரில் திறந்தால் நீண்டு, பதிவின் எண்ணோ ரீலின் எண்ணோ தெரியும், அதற்குப் பின்னால் ஒரு பெரிய வால் தொங்கும். அதை வெட்டிவிடலாம். நேரம் எடுக்கும்தான். ஆனால் டிக்டொக் லிங்க் போடுவதில் முன்னால் நிற்பவர்கள் இளையவர்கள், இதைச் செய்யும் கைவேகம் அவர்களுக்கு உண்டு.

செயலிகளைப் பற்றி. பயர்பொக்ஸ் பிரவுசர் 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து, கணினியில், லிங்கின் மேல் வலது சொடுக்கினால் பின்தொடரும் குறி இல்லாமல் கொப்பி பண்ணும் வசதியைத் தருகிறது. பிரேவ் பிரவுசரிலும் அப்படி ஒன்று உண்டு. வெளிநாட்டுச் சொந்தங்கள் பலர் வைத்திருக்கும் ஐபோனில் 2023இல் வந்த ஐ.ஓ.எஸ். 17, ஆப்பிளின் சொந்தச் செய்திச் செயலியிலும் மின்னஞ்சலிலும் சபாரியின் தனிப்பட்ட உலாவலிலும் சில குறிகளை அகற்றுகிறது. வட்ஸ்அப் அதற்குள் வராது. "ஐபோன் எல்லாத்தையும் பாத்துக்கொள்ளும்" என்று இலண்டன் மாமா சொன்னால் அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆண்ட்ரொயிட் போனுக்கு யூ.ஆர்.எல்.செக் என்ற இலவச, திறந்த மூலச் செயலி இருக்கிறது. லிங்கை அழுத்தியதும் திறக்க விடாமல் நிறுத்தி, முழு முகவரியையும் காட்டி, வாலை அகற்றச் சம்மதமா என்று கேட்கும். ஒரு நாளைக்குப் பல லிங்குகளைக் கையாளும் குரூப் அட்மின்களுக்கும் ஊர்ச்செய்தி போடும் இளைஞர்களுக்கும் இது மிகவும் உதவும். அதற்கு மேல் எவருக்கும் கட்டாயமில்லை. ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். லிங்கை ஒட்டினால் சுத்தம் செய்து தருவோம் என்று சொல்லும் இணையத்தளங்களில் கொண்டுபோய் ஒட்டுவது, ஒரு கம்பனியிடமிருந்து மறைக்கப் போய் முகம் தெரியாத இன்னொருவரிடம் கையளிப்பதாகிவிடும்.

வீடியோவையே இறக்கி அனுப்புவதுதான் எங்கள் ஊர்களில் மிகவும் பிடித்த வழி. அதற்கு நியாயமும் உண்டு. வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று பக்கேஜ் போட்டிருப்பவருக்கு யூடியூப் லிங்க் திறந்தால் காசு போகும், வட்ஸ்அப்பில் வந்த வீடியோ போகாது. சிக்னல் விட்டு விட்டு வரும் காட்டோரக் கிராமத்தில், ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு எத்தனை தரமும் பார்க்கலாம். மறைவுத்தன்மை என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டாலும் இதுவே முதலாவது. பார்க்கிறவர் யாரும் டிக்டொக்கின் பக்கமோ யூடியூப்பின் பக்கமோ போவதே இல்லை, குறி சேர வழியே கிடையாது.

இருந்தும் இதை நான் முதலாவதாக வைக்கவில்லை. வீடியோவாக வந்தால் எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, போட்டவர் பிறகு திருத்தினாரா, நீக்கினாரா என்று ஒன்றும் தெரியாது. வெள்ளம் வரும்போது இது உயிர்ப் பிரச்சினை. இரணைமடு வான்கதவு திறந்தாயிற்று என்று போன வருடத்து வீடியோ ஒன்று குரூப் குரூப்பாகச் சுற்றினால், கீழே இருக்கும் சனம் எதை நம்பும்? லிங்காக இருந்தால் திகதியாவது தெரியும். தானாக இறங்கும்படி விட்டிருக்கும் போன்களில் அந்த வீடியோ கேட்காமலே இறங்கி, டேட்டாவையும் நினைவகத்தையும் தின்றுவிடும் என்பது இன்னொன்று. அதோடு, வன்னியிலிருந்தே கமம், சமையல், மீன்பிடி என்று வீடியோ செய்து அந்தப் பார்வையாளர் எண்ணிக்கையில் வருமானம் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடியோவை இறக்கிச் சுற்றவிடுவது அவர்களின் உழைப்பைப் பறிப்பது. அவர்களுக்குச் சுத்தமான லிங்கைப் போடுங்கள், அதைத் திறந்து பாருங்கள்.

எழுத்துப் பதிவு, அறிவித்தல், வேலைவாய்ப்பு விளம்பரம் என்றால் ஸ்கிரீன்ஷொட் நல்லது. அனுப்ப முன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் வெட்டிவிடுங்கள். உங்கள் கணக்குப் படம், அந்த நேரம் வந்த வேறு அறிவிப்பு, வங்கிச் செய்தியின் முதல் வரி எல்லாம் அந்த ஓரங்களில்தான் இருக்கும். பெயரைச் சொல்லித் தேடச் சொல்வது அனுபவத்தில் சரிவரவில்லை. வேலைவாய்ப்பு, கடன் போன்றவற்றில் அசலைப் போலவே போலிப் பக்கங்கள் இருக்கும், தேடப்போனவர் அங்கே போய் விழுவார்.

சந்தேகமான லிங்க் ஒன்று உங்களுக்கே வந்தால் என்ன செய்வது என்பதும் இதோடு சேர்ந்த விடயம். தெரியாத எண்ணிலிருந்து வரும் குறுகிய லிங்க் சிலவேளை ஒருவரின் ஐ.பி. முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண்ணை, அறிவதற்காகவே செய்யப்பட்டதாக இருக்கும். அதனால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மொபைல் டேட்டாவில் கொழும்பு என்றுகூடக் காட்டும். ஆனால் எந்த நேரத்தில் திறந்தீர்கள், எந்த வகைப் போன், எந்த இணைப்பு என்பவை போய்விடும். பெண்பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கிறவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கிறது. இதை "உண்மையோ பாருங்கோ" என்று இன்னொருவருக்கு அனுப்புவதும் வேண்டாம். வட்ஸ்அப்பில் லிங்கோடு வரும் சிறுபடமும் தலைப்பும் அனுப்புகிறவரின் போனிலேயே தயாராகின்றன. அதாவது நீங்கள் லிங்கை ஒட்டிய உடனேயே, அனுப்ப முதலே, உங்கள் போன் அந்தத் தளத்தைத் தொட்டுவிடுகிறது. அமைப்புகளில் தனியுரிமைக்குள் 'மேம்பட்டவை' என்ற பகுதியில் இந்த முன்னோட்டத்தை நிறுத்த வழி உண்டு. தேவைப்பட்டால் நிறுத்திவிடுங்கள்.

வாலை வெட்டினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. சுத்தமான லிங்கைத் திறப்பவரை அந்தத் தளம் பார்க்கத்தான் செய்யும். தன் கணக்கில் நுழைந்திருந்தால் அவர் என்ன பார்த்தார் என்று பதிவாகும். வெட்டுவதால் அறுபடுவது அனுப்பியவருக்கும் திறந்தவருக்கும் இடையில் விழும் கோடு மட்டும். எனக்கு அந்தக் கோடுதான் முக்கியம்.

ஆகவே எந்தக் குரூப்புக்கு எது? கமக்கார அமைப்பு, சனசமூக நிலையம் போன்ற பொதுக் குரூப்புகளில் கையால் வெட்டிய லிங்க். காலபோகத்துக்கு உரம், விதை, நீர் திறப்புப் பற்றிய அறிவித்தல் என்றால் லிங்கோடு ஓரம் வெட்டிய ஸ்கிரீன்ஷொட்டும் சேர்த்து, டேட்டா இல்லாதவர்களும் வாசிக்கலாம். வகுப்புக் குரூப்பில் சூம் லிங்கை யாரும் தொடவேண்டாம். மற்றதெல்லாம் வாத்தியார் வெட்டிப் போடட்டும், பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் இருக்கும் குடும்பக் குரூப்பில் டிக்டொக்கைச் சுற்றுவழியில் மட்டும் போடுங்கள். அந்தச் சிரமம் ஒத்துவராவிட்டால் வீடியோவை இறக்கி, யார் போட்டது என்று பெயரையும் எழுதி அனுப்பலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டம் போன்றவற்றோடு நிற்கும் தாய்மாரின் குரூப்புகளுக்கு நான் இதைவிடக் கண்டிப்பாக இருப்பேன். அங்கே லிங்க் போடுகிறவர் ஒருவராக இருக்கட்டும். மற்றவர்கள் தங்களுக்கு வந்ததை அவருக்குத் தனியாக அனுப்பட்டும், அவர் விரித்து, வெட்டி, திறந்து பார்த்துவிட்டுக் குரூப்பில் போடட்டும். வட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைக்கலாம், அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. தாய்மாருக்கு இதில் கற்க ஒன்றும் இல்லை, பாரம் ஒரு பிள்ளையின் தோளில் மட்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, வீட்டுப் போனில் டிக்டொக் இருந்தால் தனியுரிமை அமைப்புக்குள் போய், கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும் பகுதியில் லிங்க் பற்றிய அந்த வரியை நிறுத்திவிடுங்கள். அதோடு தொலைபேசி எண்கள், பேஸ்புக் நண்பர்கள் பற்றிய வரிகளும் அங்கேயே இருக்கும், அவற்றையும் நிறுத்துங்கள். இரண்டாவது குரூப் அட்மின்களுக்கு. குரூப்பின் விபரப் பகுதியில் மூன்று வரி எழுதி வையுங்கள்: யூடியூப், இன்ஸ்டகிராம், செய்தி லிங்கைக் கேள்விக்குறியிலிருந்து வெட்டிப் போடவும். சூம் லிங்கை வெட்ட வேண்டாம். டிக்டொக், பேஸ்புக் லிங்க் என்றால் போட முதல் அட்மினுக்குத் தனியாக அனுப்பவும்.